கடிதத்தில் ஒரு வரி: தடித்த இதயத் தசைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் செல்பவர்களுக்கு

தடித்த இதயத் தசைக்காக நான் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இரண்டு முறை படுத்திருக்கிறேன். ஒரு முறையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. முதல் முறை என் கையிலிருந்த பரிந்துரைக் கடிதத்தில் ‘இதய எம்.ஆர்.ஐ. தேவை’ என்ற மூன்று சொற்களே இருந்தன. சிறுநீரகப் பரிசோதனை முடிவு என்னிடம் இல்லாததால், ஊசி மருந்து செலுத்தாமலேயே படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அறிக்கையைப் புரட்டிப் பார்த்த என் இதய மருத்துவர், “தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கத்தானே அனுப்பினேன், அது இதில் இல்லையே” என்றார். பணமும் ஒரு மாதமும் போனதுதான் மிச்சம்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் கேட்டு, எழுதி வாங்கி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். நான் மருத்துவன் அல்லன், நோயாளி. மருந்தை மாற்றுவது, கருவி பொருத்துவது போன்ற முடிவுகள் உங்கள் மருத்துவருக்கு உரியவை. அவரிடம் எதைக் கேட்பது, எதை எப்போது ஆயத்தமாக வைத்திருப்பது என்பவற்றை மட்டுமே இங்கே சொல்ல முடியும்.

1. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

உயர் இரத்த அழுத்தம், வால்வுச் சுருக்கம் போன்ற வெளிப்படையான காரணம் இல்லாமல் இடது கீழறையின் சுவர் ஏதேனும் ஓரிடத்தில் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால், பெரியவர்களில் அதை ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று கருதுகிறார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இந்நோய் இருந்தாலோ, மரபணுப் பரிசோதனையில் நோய்க்குரிய மாற்றம் தென்பட்டிருந்தாலோ 13 அல்லது 14 மி.மீ. இருந்தாலே சந்தேகிப்பார்கள். இந்த அளவை முதலில் சொல்வது பெரும்பாலும் எக்கோ. எக்கோவே சொல்லிவிட்ட பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு என்று நானும் கேட்டேன்.

எக்கோவின் ஒலியலைகள் விலா எலும்புகளுக்கு இடையே நுழைந்துதான் இதயத்தைப் பார்க்க வேண்டும். அதனால் இதயத்தின் நுனியும், முன்பக்கப் பக்கவாட்டுச் சுவரும் சிலரிடம் சரியாகத் தெரிவதில்லை. நுனியில் மட்டும் தடிக்கும் வகை, நுனி மெலிந்து பை போல் வெளியே துருத்தும் அனியூரிசம் ஆகிய இரண்டும் எக்கோவில் நழுவக்கூடியவை. எம்.ஆர்.ஐ. இதயத்தை எந்தத் தளத்திலும் வெட்டிக் காட்டும் என்பதால் அவை அதில் தப்புவது அரிது. அதைவிட முக்கியமானது, கடோலினியம் என்னும் ஊசி மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால் தசைக்குள் தழும்பு படிந்திருக்கும் இடங்கள் வெள்ளையாக ஒளிர்வது. இதை எக்கோவால் காட்டவே முடியாது. தடிப்புக்குக் காரணம் உண்மையில் இந்நோய்தானா, அல்லது அமிலாய்டு புரதப் படிவு, ஃபேப்ரி என்னும் பரம்பரை நோய் போன்ற வேறொன்று வேடமிட்டு வந்திருக்கிறதா என்பதையும் பெருமளவுக்கு இந்தப் படத்தில் பிரித்தறியலாம். அந்த நோய்களுக்குச் சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால் இது சின்ன விஷயம் அன்று.

எம்.ஆர்.ஐ. செய்யாத வேலை ஒன்றும் உண்டு. தடித்த இடைச்சுவர் இரத்தம் வெளியேறும் பாதையை எவ்வளவு அடைக்கிறது என்பதை அழுத்த வேறுபாடாக அளப்பதற்கு எக்கோவே தக்கது. ஓய்வில் இல்லாத அடைப்பு முக்கும்போதோ உடற்பயிற்சியின்போதோ வெளிப்படலாம். அப்படி எந்த நிலையிலேனும் 30 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் அடைப்பு உண்டு என்கிறார்கள். ஆகவே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டோம், இனி எக்கோ வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

2. பரிந்துரைக் கடிதத்தைத் திருத்தி எழுதி வாங்குங்கள்

என் அனுபவத்தில் எல்லாத் தவறுகளுக்கும் வேர் இந்தக் கடிதம்தான். எம்.ஆர்.ஐ. அறையில் இருக்கும் தொழில்நுட்பர் உங்கள் மருத்துவரின் மனத்தைப் படிக்க முடியாது; தாளில் உள்ளதைத்தான் செய்வார். இதயத்தை எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் முறைகள் பல. தசையின் இரும்புப் படிவைப் பார்ப்பது ஒன்று, பிறவிக் குறைபாட்டைப் பார்ப்பது இன்னொன்று, இரத்த ஓட்டத்தை மருந்தால் தூண்டிப் பார்ப்பது வேறொன்று. உங்களுக்கு எது வேண்டும் என்று எழுதப்படாவிட்டால் மையத்தில் வழக்கமாக எடுப்பதுதான் கிடைக்கும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை இவை. முதலாவது, சந்தேகிக்கும் நோயின் பெயரும் எக்கோவில் கண்ட அதிகபட்சத் தடிப்பும், அது எந்த இடத்தில் என்பதும். இரண்டாவது, ‘கடோலினியம் இல்லாமலும் செலுத்திய பின்னரும்’ என்ற சொற்றொடர். மூன்றாவது, கேட்கும் கேள்விகள். என் மருத்துவர் இரண்டாம் முறை எழுதியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்: “ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. எக்கோவில் இடைச்சுவர் 17 மி.மீ.; நுனி தெளிவாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பகுதியின் தடிப்பு, இடது கீழறையின் எடை, நுனியில் அனியூரிசம் அல்லது இரத்தக்கட்டி, மைட்ரல் வால்வு இதழ்களின் நீளமும் அசைவும், பாப்பில்லரித் தசைகள், தழும்பின் அளவு மொத்தத் தசையின் சதவீதமாக, டி1 மேப்பிங் ஆகியவை தேவை.” இதில் டி1 மேப்பிங் என்பது தசையின் தன்மையை எண்ணாக அளக்கும் முறை. இவ்வளவு நீளமாக எழுத மருத்துவருக்கு நேரமில்லை என்றால், நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டு சொற்களைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஒரு பொறி: வரவேற்பில் இருப்பவர்கள் கடிதத்தைக் கணினியில் பதியும்போது நீண்ட வரிகளைச் சுருக்கிவிடுவது உண்டு. பதிவு செய்த சீட்டை வாங்கி, அதில் ‘கான்ட்ராஸ்ட் உடன்’, அதாவது ஊசி மருந்துடன், என்று இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

3. உறையில் வைக்க வேண்டிய தாள்கள்

பரிந்துரைக் கடிதம், கடைசி எக்கோ அறிக்கை, ஈ.சி.ஜி., ஹோல்ட்டர் (துடிப்பை நாள் முழுவதும் பதிவுசெய்யும் சிறு கருவி) எடுத்திருந்தால் அதன் முடிவு, முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ. இருந்தால் அதன் அறிக்கையும் சி.டி.யும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்கோ அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். மில்லிமீட்டர் அளவுகள் உள்ள பக்கம்தான் படத்தைப் படிப்பவருக்கு வேண்டும்.

இரத்தப் பரிசோதனைகளில் இரண்டு தேவை. ஒன்று சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின்; அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எத்தனை நாள் பழைய முடிவை ஏற்பார்கள் என்பது மையத்துக்கு மையம் மாறும் என்பதால் முன்பதிவின்போதே கேளுங்கள். மற்றொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. தசை அணுக்களுக்கு வெளியே உள்ள இடத்தின் அளவை, அதாவது இ.சி.வி. என்னும் எண்ணைக் கணக்கிட அது வேண்டும், அதுவும் படம் எடுக்கும் நாளை ஒட்டியதாக. அமிலாய்டு சந்தேகம் இருப்பவர்களுக்கு இந்த எண் மிகவும் பயன்படும். கிரியேட்டினினுக்கு இரத்தம் கொடுக்கும்போதே இதற்கும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே குத்தில் முடிந்துவிடும்.

குடும்பத்தின் மூன்று தலைமுறை மரத்தை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். இளம் வயதில் திடீரென இறந்தவர், பேஸ்மேக்கர் வைத்தவர், காரணமில்லாமல் மயங்கி விழுந்தவர் என யார் இருந்தாலும் வயதோடு குறியுங்கள். மையத்தில் இதை யாரும் கேட்காமல் போகலாம். அறிக்கையோடு மருத்துவரிடம் திரும்பும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

4. உடலில் உள்ள உலோகத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள்

பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி), மூளை இரத்தக்குழாயில் வைத்த கிளிப், காக்ளியர் கருவி, நரம்பைத் தூண்டும் கருவி, இன்சுலின் பம்ப், பற்றவைப்பு வேலையில் கண்ணில் பாய்ந்த இரும்புத் துகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். கருவி பொருத்தியவர்களிடம் அதன் மாதிரி எண் உள்ள அட்டை இருக்கும். அந்த அட்டையின் நகல் இல்லாமல் பல மையங்கள் உள்ளேயே விடாது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட கருவிகளுக்கும் நிபந்தனைகள் உண்டு: பொருத்திய பின் வழக்கமாக ஆறு வாரங்கள் காத்திருக்கச் சொல்வார்கள்; படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் அதைச் சரிபார்த்து மாற்றியமைக்க ஒருவர் உடனிருக்க வேண்டும். இதயக்குழாய் ஸ்டென்ட்டும் நெஞ்செலும்பைத் தைத்த கம்பியும் பெரும்பாலும் தடையல்ல. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

இங்கே வரிசை முக்கியம். ஐ.சி.டி. பொருத்தலாமா என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்தால், எம்.ஆர்.ஐ.யை அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. கருவி உள்ளே போன பிறகு பாதுகாப்பாகப் படம் எடுக்க முடிந்தாலும், அதன் உலோகம் இடது பக்கத் தசையின் படத்தில் கருநிழலையும் போலி வெண்மையையும் உண்டாக்கும். தழும்பைத் தேடுபவருக்கு அந்த வெண்மை பெரிய தொல்லை. இதனை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்ல வேளையாக என் விஷயத்தில் வரிசை தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் மெல்லிய உலோகத் தாள் இருக்கும். அது சூடேறித் தோலைச் சுடலாம் என்பதால் அவற்றை எடுத்துவிடச் சொல்வார்கள். மாற்றி ஒட்டுவதற்குப் புதிய பட்டையைக் கையில் வைத்திருங்கள்.

5. கடோலினியம்: பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

முதல் முறை ‘ஊசி இல்லாமலே எடுத்துவிடலாம்’ என்று சொன்னபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாகவே இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்நோயில் ஊசி இல்லாத படம் பாதிப் படம்தான்: தடிப்பையும் அசைவையும் காட்டும், தழும்பைக் காட்டாது.

சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களில், அதாவது இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ் உள்ளவர்களில், கடோலினியத்தின் பழைய வகைகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் அரிய நோயை உண்டாக்கியது 2006ஆம் ஆண்டில் தெரியவந்தது. கிரியேட்டினின் கேட்பதற்குக் காரணம் இதுவே. வளைய அமைப்புள்ள புதிய வகைகளில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு. எனவே சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடனே கைவிட வேண்டியதில்லை. எந்த வகை மருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டு, உங்கள் மருத்துவரும் மையத்து மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். ஒவ்வாமை அரிது. முன்பு இதே மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தும் அயோடின் மருந்தும் இதுவும் ஒன்றல்ல. அதற்குச் சொல்லப்படும் விதிகளை இதற்குப் பொருத்திக் குழம்புபவர்கள் நிறையப் பேர். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கடோலினியத்துக்காக அதை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை. கருவுற்றிருப்பவர்களுக்குக் கடோலினியத்தைத் தவிர்ப்பார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களின் பாலில் கலப்பது மிக மிகச் சிறிய அளவே என்பதால், வழக்கமாகப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்வதில்லை.

6. செலவைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்

‘இதய எம்.ஆர்.ஐ. எவ்வளவு?’ என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். கட்டணச் சீட்டில் வேறொன்று இருக்கும். காரணம், செலவு பல தலைப்புகளில் பிரிந்திருப்பதுதான். படம் எடுப்பதற்கான கட்டணம், கடோலினியத்தின் விலை, இரத்தப் பரிசோதனைகள், மயக்க மருந்து நிபுணர் தேவைப்பட்டால் அவருடைய கட்டணம், அறிக்கை எழுதுபவரின் கட்டணம், சி.டி. நகல் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடோலினியத்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. எடை கூடியவருக்கு இரண்டாவது குப்பி திறக்க நேரலாம்.

ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: படம் தெளிவாக வராமல் மீண்டும் எடுக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது? இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்ததால் மங்கியது என்றால் ஒரு பதில், எந்திரக் கோளாறு என்றால் வேறு பதில் கிடைக்கும். என் இரண்டாம் பயணத்தின் செலவு முழுவதும் என் தலையில்தான் விழுந்தது, ஏனென்றால் கடிதத்தில் எழுதாததை அவர்கள் செய்யாதது குற்றமாகாது.

காப்பீடு வைத்திருப்பவர்கள் முன் அனுமதியை முதலிலேயே கேட்பது நல்லது. இரண்டு இடங்களில் இது சிக்கும். அனுமதிக் கடிதத்தில் உள்ள பரிசோதனைப் பெயரும் மையத்தின் சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் ‘நெஞ்சு எம்.ஆர்.ஐ.’ என்றும் மற்றொன்றில் ‘இதய எம்.ஆர்.ஐ.’ என்றும் இருந்தால் பணம் நின்றுபோகும். மேலும், சில திட்டங்கள் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான் பரிசோதனைக்குப் பணம் தரும், வெளிநோயாளியாக வந்து எடுப்பதற்குத் தராது. இந்த இரண்டையும் எழுத்தில் உறுதிசெய்துகொண்டு பிறகு தேதி வாங்குங்கள்.

7. மையத்தைத் தேர்ந்தெடுப்பதும் நேரம் குறிப்பதும்

மூட்டையும் முதுகையும் நன்றாக எடுக்கும் எந்திரம் எல்லாமே இதயத்தை எடுக்காது. துடிக்கும் உறுப்பை ஈ.சி.ஜி.யோடு இணைத்துப் படம்பிடிக்கும் மென்பொருளும், அதைப் பழகிய ஆளும், படத்தைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். எந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்று அலைய வேண்டாம், இரண்டிலும் நல்ல படம் கிடைக்கும். தொலைபேசியில் நான் மூன்று கேள்விகளைக் கேட்டேன். இந்நோய்க்கு அடிக்கடி எடுக்கிறீர்களா? தழும்பைச் சதவீதமாக அளந்து எழுதுவீர்களா? அறிக்கை எத்தனை நாளில் வரும்? இரண்டாவது கேள்விக்கு ‘அதெல்லாம் மருத்துவர் பார்த்துச் சொல்வார்’ என்று பதில் வந்த இடத்தை விட்டுவிட்டேன்.

படுத்திருக்கும் நேரம் ஏறக்குறைய 45 முதல் 75 நிமிடம். பதிவு, உடை மாற்றம், ஊசிக்குழாய் பொருத்துதல், பிறகு சற்று உட்கார்ந்திருத்தல் எல்லாம் சேர்த்தால் அரை நாளை ஒதுக்க வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளை மயக்க நிலையில் எடுக்க நேர்ந்தால் காலையின் முதல் நேரத்தைக் கேளுங்கள். நீண்ட பட்டினியில் உடல் நீர் வற்றுவது இந்நோய்க்கு ஆகாது. மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதயத் தசைத் தடிப்பு இருக்கிறது என்பதை நீங்களே நேரில் சொல்லுங்கள், கோப்பில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

8. முந்தைய நாளும் அன்றைய காலையும்

பீட்டா பிளாக்கர் போன்ற வழக்கமான இதய மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். துடிப்பு மெதுவாகவும் சீராகவும் இருந்தால் படமும் நன்றாக வரும் என்பதால், அந்த மருந்து இங்கே இரட்டைப் பயன் தருகிறது. தண்ணீர் குடியுங்கள். பாதை அடைப்பு உள்ளவர்களுக்கு நீர் வற்றினால் அடைப்பு கூடும். ‘ஸ்கேன் என்றால் வெறும் வயிறு’ என்ற பொது நம்பிக்கையில் பத்து மணி நேரம் எதுவும் குடிக்காமல் வந்து தலைசுற்றி உட்கார்ந்திருந்த ஒருவரைக் காத்திருப்பறையில் பார்த்தேன். மையம் எத்தனை மணி நேரம் உணவைத் தவிர்க்கச் சொல்கிறது, தண்ணீர் குடிக்கலாமா என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்கள் அன்றைய வேளையை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாது.

மருந்தால் தூண்டி இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் வகைப் பரிசோதனையும் சேர்ந்திருந்தால் மட்டும் காபி, தேநீர், கோலா, சாக்லேட் ஆகியவற்றை 12 முதல் 24 மணி நேரம் தவிர்க்கச் சொல்வார்கள். ஆஸ்துமா இருந்தால் அதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுகள் பற்றுவதற்காக அடர்ந்த முடியை மழிப்பார்கள். கண் மை, உலோகப் பொடி கலந்த ஒப்பனை, வெள்ளி இழை ஓடிய உள்ளாடை ஆகியவற்றைத் தவிருங்கள்.

பயிற்சி ஒன்றை வீட்டிலேயே செய்து பழகுங்கள். மூச்சை இழுத்து, மெதுவாக வெளியே விட்டு, விட்ட நிலையிலேயே 10 முதல் 15 விநாடி நிறுத்துங்கள். பிறகு இயல்பாக மூச்சுவிட்டு மீண்டும் செய்யுங்கள். முக்கக் கூடாது; வயிற்றை இறுக்கினால் பாதை அடைப்பு கூடிப் படபடப்பு வரலாம். காற்றை விட்ட நிலையில் நிறுத்துவது முதலில் விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்த நிலையில்தான் இதயம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறது.

9. எந்திரத்துக்குள்

கையில் ஊசிக்குழாய், மார்பில் ஒட்டுகள், அதன் மேல் தட்டையான சுருள், காதில் ஒலியடைப்பான், கையில் அழுத்தி அழைக்கும் பந்து. உலை அடிப்பது போன்ற சத்தம் இருக்கும். வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. மூடிய இடம் என்றால் அஞ்சுபவர்கள் முன்கூட்டிச் சொன்னால் இலேசான மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். நான் செய்த எளிய வழி, உள்ளே நுழையும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு முடியும் வரை திறக்காமல் இருந்தது.

முதல் பாதியில் இதயத்தை மேலிருந்து கீழாகப் பல துண்டுகளாக எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நிறுத்தம். பத்துப் பதினைந்து முறை கடந்தபின் களைப்பு வரும். நிறுத்த முடியவில்லை என்றால் திருடியதைப் போல் இலேசாக மூச்சுவிட்டு மறைக்காதீர்கள். படம் ஆடிப்போகும், தடிப்பு அளவு பிசகும். ‘முடியவில்லை’ என்று சொன்னால் நேரத்தைக் குறைத்துத் தருவார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொன்னால், மூச்சு நிறுத்தாமலும் துடிப்பைக் காத்திருக்காமலும் எடுக்கும் மாற்று முறைக்கு மாறிக்கொள்வார்கள்.

பிறகு கடோலினியம் நரம்பில் குளிர்ச்சியாக ஏறும். தழும்புப் படத்துக்குப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். நலமான தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும், தழும்பில் தங்கிவிடும் என்பதே இதன் சூட்சுமம். இந்த இடைவெளியில் சத்தம் நின்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அசைந்தவன் நான். அசையாதீர்கள்.

10. அறிக்கையில் தேட வேண்டிய எண்கள்

முடிவுரைப் பத்தியோடு நிறுத்தாமல் எண்கள் உள்ள பக்கத்தைப் பாருங்கள்.

அதிகபட்சத் தடிப்பு எத்தனை மி.மீ., எந்தப் பகுதியில் என்பது முதல் எண். இது எக்கோவின் எண்ணோடு ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு. வலது கீழறையின் தசை நார் இடைச்சுவரோடு ஒட்டியிருந்தால் எக்கோ அதையும் சேர்த்து அளந்து கூட்டிச் சொல்லலாம். சாய்ந்த கோணத்தில் வெட்டினாலும் கூடும். மறுபுறம், எக்கோ காணாத பகுதியில் எம்.ஆர்.ஐ. அதிகத் தடிப்பைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு எக்கோவில் 17, எம்.ஆர்.ஐ.யில் இடைச்சுவர் 16, ஆனால் முன்சுவரில் 20. ‘நோய் முற்றிவிட்டது’ என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன். நோய் அப்படியேதான் இருந்தது, அளந்த இடம்தான் மாறியிருந்தது. தடிப்பு 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அது திடீர் மரண அபாயத்தின் அடையாளங்களில் ஒன்று. அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுத்தது இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் பங்கு. இந்நோயில் அது பெரும்பாலும் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். 70 சதவீதம் என்று பார்த்து மகிழவும் வேண்டாம். 50க்குக் கீழே இறங்கியிருந்தால் அது கவனத்துக்குரியது.

மூன்றாவது தழும்பு. அறிக்கையில் ‘லேட் கடோலினியம் என்ஹான்ஸ்மென்ட்’ என்றோ எல்.ஜி.இ. என்றோ எழுதியிருக்கும். அது இருக்கிறது என்ற சொல்லைக் கண்டு கலங்காதீர்கள். இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கும் அதிகமானோருக்கோ ஓரளவு இருக்கும். வலது கீழறை இடைச்சுவரோடு சேரும் மூலைகளில் சிறு புள்ளியாக இருப்பது மிகவும் வழக்கமானது. கேட்க வேண்டியது எவ்வளவு என்பது. மொத்தத் தசையில் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அதை விரிந்த தழும்பு என்று கொண்டு, ஐ.சி.டி. முடிவின்போது மற்ற அடையாளங்களோடு சேர்த்து எடைபோடுகிறார்கள். அந்த மற்ற அடையாளங்கள்: குடும்பத்தில் திடீர் மரணம், காரணம் தெரியாத மயக்கம், ஹோல்ட்டரில் கீழறை வேகத்துடிப்பு, நுனி அனியூரிசம், முன்சொன்ன தடிப்பு, குறைந்த இ.எஃப். ஐரோப்பிய மருத்துவர்கள் ஐந்தாண்டு அபாயத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் வாய்பாட்டில் தழும்பு இடம்பெறவில்லை. அதனால் வாய்பாடு ‘குறைவு’ என்று சொன்னாலும், எம்.ஆர்.ஐ. முடிவைப் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. தழும்பை அளக்கும் கணக்குமுறைகள் பல. எந்த வெண்மையிலிருந்து தழும்பு என்று எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து, அதே படத்தில் ஒருவர் சொல்லும் சதவீதம் இன்னொருவர் சொல்வதைப் போல் இரு மடங்காகலாம். எந்த முறையில் அளந்தார்கள் என்பது அறிக்கையில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். வெறுமனே ‘சிறிதளவு’ என்று எழுதியிருந்தாலும், எண் தரும்படி கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

டி1 எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். எந்திரத்துக்கு எந்திரம் இயல்பளவு மாறும். அந்த மையத்தின் இயல்பளவு பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். இயல்பைவிட மிகக் குறைந்த டி1 ஃபேப்ரி நோயை நினைவூட்டும். மிக உயர்ந்த டி1 எண்ணும் உயர்ந்த இ.சி.வி. எண்ணும் சேர்ந்து வந்தால் அமிலாய்டைத் தேடுவார்கள்.

11. படம் கையில் வந்த பிறகு

அறிக்கைத் தாளை மட்டும் வாங்கி வராதீர்கள். படங்கள் முழுவதும் டைகாம் என்னும் மருத்துவப் படக் கோப்பு வடிவில் உள்ள சி.டி.யையோ பதிவிறக்க இணைப்பையோ கேளுங்கள். அச்சிட்ட ஃபிலிமில் இதயத்தின் அசைவு தெரியாது, இரண்டாம் கருத்துக் கேட்கும் மருத்துவருக்கு அது பயன்படாது. இணைப்பு சில வாரங்களில் காலாவதியாகிவிடக்கூடும் என்பதால் அன்றே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டியதில்லை. நோய்க்குரிய மரபணு மாற்றம் ஒருவரிடம் இருந்தால் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லும் வாய்ப்பு 50 சதவீதம். ஆனாலும் அவர்களுக்கு முதல் படி ஈ.சி.ஜி.யும் எக்கோவும்தான். ஈ.சி.ஜி. மாறியிருந்து எக்கோ தெளிவாக இல்லாதபோது எம்.ஆர்.ஐ.யின் முறை வரும்.

அடுத்த படம் எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு உறையின் மேல் எழுதிவையுங்கள். நிலைமை மாறாதவர்களுக்கு அபாயத்தை மறுமதிப்பீடு செய்ய 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்பது அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். புதிய மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. இயன்றவரை அதே மையத்தில், அதே அளக்கும் முறையில் எடுங்கள். தழும்பு 6இலிருந்து 9 சதவீதமாகக் கூடியது நோயாலா, கணக்குமுறை மாறியதாலா என்ற குழப்பம் அப்போது வராது. என் உறையில் அந்தத் தேதிக்குக் கீழே, இரண்டாம் முறை எழுதி வாங்கிய கடிதத்தின் நகலை மடித்து வைத்திருக்கிறேன்.